'பால்': திணைக்குள் அமைந்த பகுப்பு

பெருங்குழு ஒன்றனுள் அடங்கும் சிறுகுழுவைச் சுட்டத் தமிழிலக்கணம் கையாண்ட பழஞ்சொற்களுள் 'பால்' ஒன்றாகும். இதனை ஆங்கிலத்தின் 'ஜெண்டர்' என்னும் சொல்லுக்கு நேர்நிகராகக் கொண்டு, தமிழில் ஐந்து ஜெண்டர்கள் உள்ளன என எழுதும் போக்கை மாணவர் கட்டுரைகளில் காண்கிறோம். இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு நோக்குவோம்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்தில் உயர்திணையுள் மூன்று பாலையும் அஃறிணையுள் இரண்டு பாலையும் அமைக்கின்றார். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என இன்று நாம் வழங்கும் இவ்வைந்தனுள் முதலிரண்டே ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவன. அவையும் ஒருமையை உள்ளடக்கியவை. பலர்பாலில் அவ்வேறுபாடு மறைகின்றது. இறுதியிரண்டும் எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை.

வழுக்களை வகுத்த முறையும் இதனை உறுதிப்படுத்துகின்றது. திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என மரபிலக்கணம் கூறும் எழுவகை வழுக்களுள் 'எண்வழு' என ஒன்று தனியே இல்லை. 'அவன் வந்தாள்' என்பதும் 'அவன் வந்தார்கள்' என்பதும் பால்வழுவே. இன்றைய பள்ளி இலக்கணம் திணை, பால், எண், இடம் என எண்ணைத் தனியே பிரித்துக் கூறுவதால் இவ்வொருமைப்பாடு மாணவர்க்குப் புலப்படுவதில்லை.

'பால்' என்பதன் அடிப்படைப் பொருள் பகுதி என்பதாகும். அப்பால், இப்பால் என்னும் வழக்கிலும், அறத்துப்பால் முதலாகத் திருக்குறள் மூன்றாகப் பகுக்கப்பட்டிருப்பதிலும் இப்பொருளே நிலவுகின்றது. ஒவ்வொருவர்க்கும் பகுத்தளிக்கப்பட்டது என்னும் கருத்தில் ஊழையும் முன்னோர் பால் என்றனர்.

மரபியலில் விலங்குகளின் ஆண், பெண் பகுப்பும் பால் எனப்படுகின்றதே என வினவலாம். அது உண்மையே. எனினும், அங்கும் பகுதி என்னும் பொருள் மாறவில்லை. அப்பகுப்பு வினைமுற்றையும் மாற்றுவதில்லை. 'காளை வந்தது', 'பசு வந்தது' என இரண்டும் ஒன்றன்பாலாகவே முடிகின்றன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலாய்மொழியின் 'டியா' ஆண், பெண் இருவர்க்கும் பொது. அம்மொழியில் வினையும் எழுவாய்க்கேற்பத் திரிவதில்லை. அம்மொழியோடு ஆங்கிலத்தையும் பயின்று வரும் நம் மாணவர்க்குப் பாலை ஜெண்டர் எனக் கற்பித்தால், அவர் 'பசு வந்தாள்' என எழுதக்கூடும். நாம் அதனைப் பிழையெனத் திருத்துவோம். ஆயின் அம்மாணவர் நாம் கற்பித்ததையே பின்பற்றியவர் ஆவார். பிழை நம் விளக்கத்தில் உள்ளது.

எனவே, பாலைத் திணையின் உட்பிரிவு என முதலில் விளக்கி, அதன் பின்னரே ஆண், பெண், எண் ஆகிய வேறுபாடுகளைக் கற்பித்தல் வேண்டும். பிறமொழியில் எழுதும் ஆய்வாளர் 'பால்' என்னும் சொல்லையே எடுத்தாண்டு விளக்கந்தருதல் நன்று. நிகர்ச்சொல் தேடும் விரைவில் நம் இலக்கணிகளின் பகுப்புமுறையை நாம் இழந்துவிடலாகாது.