எஞ்சியிருக்கும் காப்பிடங்கள்: தென் லண்டன் குறித்து ஒரு வாசிப்பு

யுத்த காலத்துக் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது என்றால், அதை யுத்தத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். நிற்பதே அதற்கு ஒரு நம்பகத்தன்மையைக் கொடுத்துவிடுகிறது. எது நிற்கும், எது மண்ணோடு மண்ணாகும் என்பதைத் தீர்மானித்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. இதைக் கேட்டுப் பார்க்க லண்டன் பாதாள ரயிலின் வடக்குத் தடம் வசதியான இடம். பெயர்தான் வடக்கு, நமக்கு வேண்டியது அதன் தெற்குப் பகுதி. ஸ்டாக்வெல், கிளாப்பம் நார்த், கிளாப்பம் காமன், கிளாப்பம் சவுத், பேலம், அப்புறம் டூட்டிங்.

முதல் நான்கு இடங்களிலும் தெருவில் பருத்த கான்கிரீட் கூண்டுகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப்போர்க் கால ஆழ்காப்பிடங்களின் வாசல்கள் இவை. ஸ்டாக்வெல் கூண்டின்மேல் சுவரோவியம் தீட்டி, நாஜிகள் கொன்ற உளவுப் பெண் வயலட் ஸாபோவின் முகத்தையும் வரைந்திருக்கிறார்கள். கிளாப்பமில் ஒரு சுரங்கத்துக்குள் கொஞ்ச காலம் விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்த்து விற்றார்கள். கிளாப்பம் சவுத்துக்குள் போக்குவரத்து அருங்காட்சியகம் சீட்டுக் கொடுத்து அழைத்துப் போகிறது. சுமார் நூற்றெண்பது படிகள், பதினொரு மாடி ஆழம். கீழே நீளும் இரட்டைச் சுரங்கம், ஒவ்வொன்றும் இரண்டு தளம். அடுக்குக் கட்டில்களின் இரும்புச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. இறங்கிப் பார்க்கிறவர் மனதில், குண்டுமழையில் லண்டன் மக்கள் இங்கேதான் பத்திரமாகத் தூங்கினார்கள் என்ற கதையாடல் தானாகவே உருவாகிவிடும்.

தேதிகளை அதன் பக்கத்தில் வைத்தால் கதை நிற்காது. லண்டன்மீது இரவுதோறும் குண்டு விழத் தொடங்கியது 1940 செப்டம்பர் 7. அந்த அலை ஓய்ந்தது 1941 மே மாதம். ஆழ்காப்பிடங்களைத் தோண்ட ஆரம்பித்ததே 1940 கடைசியில், முடிந்தது 1942இல். முடிந்த பிறகும் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. 1944இல் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் வரத் தொடங்கிய பிறகு, ஜூலையில்தான் கட்டிய எட்டில் ஐந்தைத் திறந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் எட்டாயிரம் பேர் கொள்ளுமாம். யுத்தம் முடிந்ததும் விரைவு ரயில் தடமாக இணைத்துக்கொள்ளலாம் என்பதும் திட்டத்தில் இருந்தது. அதனால்தான் இவ்வளவு உறுதி. எது நீடித்து நிற்கிறதோ அது, தேவைப்பட்ட இரவுகளில் இல்லாமலிருந்தது.

ஏன் தாமதம்? தெரியாமல் நடந்ததில்லை. ஸ்பெயினில் குண்டுவீச்சை நேரில் பார்த்துவிட்டு வந்த விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் (பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரில் இறந்த அதே ஹால்டேன்) 1938இலேயே இது பற்றிப் புத்தகம் எழுதி ஆழ்காப்பிடம் வேண்டும் என்று வாதாடினார். கம்யூனிஸ்டுகள் இயக்கமே நடத்தினார்கள். இந்தக் கோரிக்கையை ஆராய்ந்து 1939இல் நிராகரித்த குழுவின் தலைவர் ஹெய்லி பிரபு. பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் கவர்னராக இருந்தவர். அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஜான் ஆண்டர்சன் 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் கவர்னர்; புரட்சிக்காரர்களை ஒடுக்கியவர், 1934இல் டார்ஜிலிங்கில் அவர்களுடைய துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பியவர். பணம், எஃகு, நேரம் போதாது என்பது வெளியே சொன்ன காரணம். ஆழத்துக்குப் போன தொழிலாளி மேலே ஏறி வேலைக்கு வரமாட்டான் என்பது உள்ளே இருந்த பயம். இதற்கு ‘ஆழ்காப்பிட மனநிலை’ என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். காலனி மக்களைக் கூட்டமாகப் பார்த்தாலே சந்தேகப்பட்டுப் பழகிய நிர்வாக அறிவு, ஊர் திரும்பி வந்து சொந்த ஏழைகளையும் அதே கண்ணால் பார்த்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆகவே மக்கள் கலைந்தே இருக்கவேண்டும். அவரவர் வீட்டில் அவரவர் குழி. ஆண்டர்சன் பெயரிலேயே ஒரு காப்பிடம் வந்தது. நெளிதகரத்தை வளைத்துப் பூட்டி, தோட்டத்தில் பாதி புதைத்து, மேலே மண் போட வேண்டும். ஆறு பேர் ஒடுங்கலாம். வருஷ வருமானம் 250 பவுனுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டம்? அதிகமாகக் குண்டு விழுந்த கிழக்கு லண்டனின் நெருக்கத்தில் ஒரு பூந்தொட்டி வைக்கவே இடமில்லாத வீடுகள் எத்தனையோ. அவர்களுக்காகத் தெருவில் செங்கல் காப்பிடம் கட்டினார்கள். சிமெண்ட் தட்டுப்பாடு, மேலிடத்துச் சுற்றறிக்கையோ குழப்பம். பல இடங்களில் சிமெண்டே சேர்க்காத சுண்ணாம்புச் சாந்தால் கட்டிவிட்டார்கள். பக்கத்தில் குண்டு விழுந்தால் சுவர் வெளியே சரிய, கான்கிரீட் கூரை உள்ளே இருந்தவர்கள்மேல் அப்படியே உட்கார்ந்தது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1940 செப்டம்பர் 14 இரவு, ஸ்டெப்னியிலிருந்து ஃபில் பிராட்டின் தலைமையில் ஒரு கூட்டம் சவாய் ஹோட்டலின் சொகுசுக் காப்பிடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. பாதாள ரயில் நிலையங்களில் தங்கக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருக்க, ஜனங்கள் மலிவு டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு கீழே போய் மேலே வராமலேயே இருந்துவிட்டார்கள். அரசாங்கம் பிறகு இறங்கி வந்தது. இன்று அதே பாதாளத் தூக்கம் தேசிய ஒற்றுமையின் சின்னம். ஹென்றி மூரின் சித்திரங்களுக்கு இதில் பங்குண்டு. சுரங்கத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் அவருடைய உருவங்கள் அழகானவை. ஆனால் முகமழிந்த அந்த உடல்களில் டிக்கெட் வாங்கி ஏமாற்றி உள்ளே வந்தவரின் சாமர்த்தியத்தைக் காணோம். 1940 நவம்பர் கணக்கெடுப்பின்படி லண்டன்வாசிகளில் ரயில் சுரங்கத்தில் தூங்கியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். பொதுக் காப்பிடங்களில் ஒன்பது. வீட்டுக் காப்பிடங்களில் இருபத்தேழு. மீதி அறுபது பேர் எந்தக் காப்பிடத்துக்கும் போகவில்லை. அந்த அறுபது பேருக்குச் சித்திரம் இல்லை.

கிளாப்பம் சவுத்துக்கு அடுத்த நிலையம் பேலம். 1940 அக்டோபர் 14 இரவு மேலே சாலையில் விழுந்த குண்டு நடைமேடைச் சுரங்கத்தை உடைத்தது. குழாய்கள் வெடித்துத் தண்ணீரும் சேறும் இறங்கின. மேலே அந்தப் பள்ளத்துக்குள் ஒரு பேருந்து மூக்கைக் குத்திக்கொண்டு நின்ற புகைப்படம் பிரபலம். கீழே செத்தவர்களின் புகைப்படம் கிடையாது. 2000இல் நிலையத்தில் பதித்த நினைவுப் பலகை 64 பேர் என்றது. வேறு பதிவுகள் 66, 68 என்கின்றன. 2010இல் பலகையையே மாற்றினார்கள். புதிய பலகையில் எண் இல்லை.

கிளாப்பம் சவுத்துக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்த கரீபியர்களில் தங்க இடமில்லாத 236 பேரை இந்தச் சுரங்கத்தில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். சுரங்கப் பிரிவுகளுக்கு அகர வரிசையில் கடற்படைத் தளபதிகளின் பெயர்கள். பேரரசின் கப்பல்களை நடத்தியவர்களின் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே, அந்தப் பேரரசின் தீவுகளிலிருந்து வந்தவர்கள் படுத்தார்கள். பக்கத்து வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் இருந்தது. அங்கேயே பலர் குடியேறினார்கள்.

அதே தடத்தில் இன்னும் தெற்கே போனால் டூட்டிங். எண்பதுகள் தொடங்கி ஈழத்தமிழர்கள் வந்து சேர்ந்த ஊர். தோசைக்கடையும் முத்துமாரியம்மன் கோயிலும் உள்ள தெரு. இவர்களில் எத்தனையோ பேர் சொந்தக் கையால் காப்பிடம் வெட்டியவர்கள். ‘புகல்’, ‘அடைக்கலம்’ என்ற சொற்களில் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். ‘பதுங்கு குழி’யில் அப்படி யாரும் இல்லை; துரத்தப்பட்ட உயிர் தானே தேடிக்கொண்டது அது. பேச்சில் அது ‘பங்கர்’. யாழ்ப்பாணத்து வளவுகளில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடினார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் ஆழமாக வெட்டவும் முடியவில்லை. சேலைகளைத் தைத்து மண்மூட்டை ஆக்கினார்கள்.

அவற்றில் எதுவும் காட்சிக்கு இல்லை. யுத்தம் முடிந்த பிறகு இராணுவம் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்து காட்டியது புதுக்குடியிருப்பில் புலித்தலைவரின் கான்கிரீட் நிலவறையை. அதையும் 2013 அக்டோபரில் குண்டு வைத்துத் தகர்த்துவிட்டது. காட்டவும் அழிக்கவும் கான்கிரீட் வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் குழியை மழையே மூடிவிடும்.

டூட்டிங்கிலிருந்து காலை வேலைக்குப் போகிறவர் பேலத்தையும் கிளாப்பம் சவுத்தையும் இரண்டு மூன்று நிமிஷ இடைவெளியில் கடந்துபோகிறார். அவர் வெட்டிய குழியின் நீளம் என்ன, குற்றிகளுக்காக எந்தப் பனையைத் தறித்தார்கள், பாம்புக்குப் பயந்து இறங்க மறுத்தது யார், விமானச் சத்தம் கேட்டதும் யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் — புகலிட இலக்கியம் என்று இவ்வளவு பேசுகிற நாம் இதையெல்லாம் ஊர்வாரியாக, வீடுவாரியாகக் கேட்டு எழுதிவைத்தது மிகக் குறைவு. 1987இல் இருபது வயதில் மண்வெட்டி பிடித்தவருக்கு இப்போது அறுபதையொட்டிய வயது.