எட்டாவது யூனிட்

அக்கா பேத்தி பி.காம். படிக்கிறாள். ஏப்ரல் கடைசியில் ஒரு ரெக்கார்டு நோட்டோடு வந்தாள். "தாத்தா, இதுல இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் குடுங்க." ஊர்ச் சித்தேரிக்கு அந்த வாரம் போனதாகவும், ஏழு வகை நீர்ப்பறவைகளைப் பார்த்ததாகவும் எழுதியிருந்தாள். எனக்குத் தெரிந்து அந்த ஏரி ஏப்ரலில் கிரிக்கெட் மைதானம். "நிஜமாவே போனியாம்மா?" என்றேன். "கிளாஸ்ல எல்லாருக்கும் அதே ஏழு பறவைதான் தாத்தா. சீனியர் நோட்டு."

கடந்த இருபது வருஷத்தில் நீங்கள் எந்த டிகிரி வாங்கியிருந்தாலும் இந்த ஈவிஎஸ் பேப்பரைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமோ? கோர்ட்டிலிருந்து. வக்கீல் எம்.சி.மேத்தா போட்ட வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சினிமா தியேட்டர்களில் ஒவ்வொரு காட்சியிலும் இலவசமாக ஸ்லைடு போடவும் சொன்னது. (ஸ்லைடை நீங்கள் பார்த்திருந்தால் பாக்கியசாலி. நான் பார்த்ததெல்லாம் நகைக்கடைதான்.) 2003-ல் கோர்ட் மறுபடி அதட்டிய பிறகுதான், யுஜிசி தயாரித்த ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்தது.

அதற்கான புத்தகத்தை எழுதியவர் புனேயைச் சேர்ந்த எரக் பரூச்சா. தொழிலால் சர்ஜன், ஆசையால் காட்டு மனிதர். பரீட்சை பயம் இல்லாத வயதில் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். நல்ல புத்தகம் சார்! காட்டில் நடந்தவர் எழுதியது என்று தெரிகிறது. கோளாறு புத்தகத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. மொத்தம் எட்டு யூனிட், 50 வகுப்புகள். ஏழு யூனிட்டுக்கு 45 மணி நேரம் பெஞ்சில். எட்டாவது யூனிட், வெளியே போய்ப் பார்ப்பது: ஒரு குளம், ஒரு குன்று, ஒரு அசுத்தமான இடம், நாலு பறவை, நாலு பூச்சி. அதற்கு ஐந்தே மணி நேரம், 25 மார்க்.

கடைசியில் வைத்தால் என்ன ஆகும்? கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு என்ன ஆகுமோ அதுதான். போர்ஷன் முடியவில்லை, பஸ் கிடைக்கவில்லை, வெயில். சீனியர் நோட்டு வந்துவிடுகிறது. மிச்சமிருப்பது ரெண்டு மார்க் கேள்விகள். 'என்விரான்மென்ட்' என்பது எந்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதை பையன்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். எதிரே இருக்கும் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் என்ற வார்த்தைகள் அகில இந்தியாவுக்கும் பொதுவான ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் வர வழியில்லை. அவை எட்டாவது யூனிட்டில், நேரில் போனால்தான் காலில் தட்டுப்படும்.

மார்க்கோடு போகிற சமாசாரமா இது? பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம், சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தென்சென்னையின் மழைநீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளத்துக் கழிமுகத்துக்குப் போகவேண்டும். வழியெல்லாம் வீடு, ரோடு, குப்பை மேடு. 2015 வெள்ளத்தில் வேளச்சேரிப் பக்கம் படகில் மீட்கப்பட்ட இளைஞர்களில் பலர் இந்தப் பேப்பரை எழுதிப் பாஸானவர்கள்தான். பிளான் வரைந்தவர், லோன் கொடுத்தவர், வாங்கியவர் எல்லோரிடமும் டிகிரி இருந்தது. இந்த இடத்தில் முன்னே தண்ணீர் நின்றதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கரணைக்கு ராம்சார் அந்தஸ்து 2022-ல் வந்தது. அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது.

2023-ல் யுஜிசி பாடத்திட்டத்தைப் புதுப்பித்திருக்கிறது. காலநிலை மாற்றத்துக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். களப்பணியும் இருக்கிறது, வழக்கம்போல் பின்வரிசையில். என்னைக் கேட்டால் எட்டாவது யூனிட்டை முதல் நாள் வைப்பேன். ஜூன் மாதம் காய்ந்த ஏரியை ஒருமுறை, நவம்பரில் நிரம்பியதை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் சூழல் அமைப்பு என்றால் என்ன என்று வகுப்பில் பேசினால் காதில் ஏறும். ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிற வாத்தியாரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். அவருக்கு ஐந்து மணி நேரம் போதாது. நேரத்தைக் கூட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பேத்தியின் இங்கிலீஷைத் திருத்தவில்லை. அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஏரிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். பறவை என்று பார்த்தால் ரெண்டு கொக்கு, ஒரு மீன்கொத்தி. மீன் இல்லாத இடத்தில் மீன்கொத்திக்கு என்ன வேலை என்று கேட்டாள், நல்ல கேள்வி. கரையில் ஆடு மேய்த்த பெரியவர், "வரத்துக் கால்வாயா? அதோ அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அடியில போகுது பாப்பா" என்று கம்பை நீட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்து பழைய ரெக்கார்டை ஒதுக்கிவிட்டு, மண்டபத்தையும் கால்வாயையும் வைத்து ஒரு மேப் போட்டு ரெண்டு பக்கம் எழுதினாள்.

போன வாரம் மார்க் வந்தது. 25-க்கு 16. ஏழு பறவை எழுதிய அவள் தோழிக்கு 23.