ஓடைக்குக் கீழால் ஓடும் புகையிரதம்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடிய கலந்துரையாடல் ஒன்றில், ஐரோப்பாவில் எல்லைகள் காலாவதியாகிவிட்டன என்றும், எல்லை பற்றிய எமது பேச்செல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பதற்றத்தின் மிச்சம் என்றும் ஒரு நண்பர் வாதிட்டார். அவர் உதாரணம் காட்டியது ஜெனீவாவுக்கும் பிரான்சின் அன்மாஸ் நகருக்கும் இடையே ஓடும் லெமான் எக்ஸ்பிரஸ் புகையிரதத்தை. "கோர்னவனிலை ஏறியிருந்து பேப்பரை விரிச்சு முடிக்க முதல் பிரான்சிலை இறங்கிறாய். எங்கை ஐசே எல்லை?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியுடன்தான் வைகாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்மாஸ் நிலையத்தைப் பார்க்கப் போனேன். 2008 வரை யாழ்ப்பாணத்தில் புவியியல் விரிவுரையாளனாக இருந்தவன் நான். எல்லைகள் எப்படி உருவாகின்றன என்பதைக் கரும்பலகையில் கீறிப் படிப்பித்தவன். இப்போது ஜெனீவாப் புறநகரில் உணவுப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. எனவே இதைக் கட்டடக்கலை தெரிந்த ஒருவரின் விமர்சனமாக யாரும் கொள்ள வேண்டாம். அந்தப் பாதையை இரு விதமாகவும் பயன்படுத்த நேர்ந்த ஒருவனின் விமர்சனம் இது.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுவோம். ஓ-வீவ் என்ற ஜெனீவாவின் கிழக்குப் பகுதியிலிருந்து அன்மாசுக்கு 1888இலேயே ஒரு தண்டவாளம் போடப்பட்டது. ஆனால் அது சுவிசின் ஏனைய பாதைகளுடன் இணையாமல், நகரின் ஓரத்தில் முட்டி நின்றுவிட்ட பாதை. அதை நகருக்குள்ளால் கோர்னவன் வரை இணைப்பதென 1912இல் உடன்பாடு எழுதப்பட்டது. இரண்டு உலகப்போர்கள் வந்துபோயின. கார் வந்தது. உடன்பாடு கிடப்பில் கிடந்தது. 2009இல் மேலதிக நிதிக்கான வாக்கெடுப்பில் ஜெனீவா மக்கள் அறுபது சதவீதத்துக்கு மேல் ஆதரித்தார்கள். அந்தப் பிரச்சாரத்தின்போது ஒரு வலதுசாரிக் கட்சி, அன்மாசின் காடையர்களை ஏற்றிவரும் வாகனம் என்று இத்திட்டத்தை விளம்பரம் போட்டே வர்ணித்தது. 2011இல் வேலை தொடங்கி, 15.12.2019 அன்று புகையிரதம் ஓடியது. உடன்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் 107 வருடங்கள். இணைப்புப் பாதையின் நீளம் 16 கிலோமீற்றர். அதில் பிரான்சுக்குள் இருப்பது ஏறத்தாழ 2 கிலோமீற்றர்தான்.

ஜெனீவாப் பக்கத்தின் நிலக்கீழ் நிலையங்களை வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல். சுவர், கூரை எங்கும் பெரிய கண்ணாடிப் பாளங்கள். நிலத்துக்குக் கீழே நிற்கும் பயணிக்கும் பகல் வெளிச்சம் வந்து சேர்கிறது. உண்மையிலேயே அழகு. இரவு வேலை முடித்து வருபவனுக்கு அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடி ஒளியைத் தருகிறதே தவிரக் காட்சியைத் தருவதில்லை. மேலே என்ன இருக்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. புகையிரதம் கிளம்பியதும் அந்த வெளிச்சமும் போய்விடுகிறது. எல்லையை அது சுரங்கத்துக்குள்ளேதான் கடக்கிறது. நண்பருக்கு எல்லை தெரியாமற் போனதில் ஆச்சரியமில்லை.

சைக்கிளில் போகிறவனுக்கு அப்படியல்ல. பழைய தண்டவாளத்தை நிலத்துக்குக் கீழே இறக்கியபின், அதன் கூரைக்கு மேல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்குமாகப் பச்சைப் பாதை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். ஓ-வீவில் ஏறி, ஷென்-பூர் தாண்டி, பிள்ளைகளையும் நாய்களையும் விலத்தி மெதுவாக மிதித்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் போறோன் என்ற ஓடைக்கு வந்துவிடலாம். எமது ஊரில் இதற்கு ஆறு என்று பெயர் வைத்திருக்க மாட்டோம். மாரியில் வழுக்கையாற்றில் ஓடும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய பாலம். இந்தப் பக்கம் சுவிஸ், அந்தப் பக்கம் பிரான்ஸ். நண்பர் கேட்ட எல்லை இதுதான். அவருடைய புகையிரதம் எனது சில்லுக்குக் கீழால் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பாலம்வரை நான் முதன்முதல் வந்தது 2020 தைமாதம். அப்போது என்னிடமிருந்தது 'எப்' அட்டை. அகதியாக ஏற்கப்படாத, ஆனால் திருப்பியனுப்பவும் முடியாத ஆளுக்குக் கொடுக்கப்படும் தற்காலிக அனுமதி. அதை வைத்துக்கொண்டு நினைத்தபடி நாட்டைவிட்டு வெளியேறித் திரும்ப முடியாது. நான் சைக்கிளைப் பாலத்தின் இந்தப் பக்கத்தில் சாத்திவிட்டு, கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பிரான்சுக்குள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்க அங்கே ஒரு காவலாளியும் இல்லை. என்னைத் தடுத்து வைத்திருந்தது எனது பொக்கற்றுக்குள் இருந்த அட்டை. அதே வருடம் பங்குனியில் நோய்த்தொற்றைக் காரணம் காட்டிச் சிறிய எல்லைப் பாதைகளில் தடுப்புகளை வைத்து அடைத்தபோது, ஜெனீவாக்காரர் அதிர்ந்துபோனார்கள். ஆனியில் தடுப்புகளை எடுத்தார்கள். அவர்களுக்கு மூன்று மாதம் இருந்தது எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, அளவாகச் சொல்கிறேன்.

பிறகு எனக்கு 'பி' அட்டை கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை, சொந்த நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும். எந்த அரசிடமிருந்து தப்பி ஓடிவந்தேனோ அந்த அரசிடம் படிவம் நிரப்பி, படம் கொடுத்து, விரலடையாளம் வைத்து, என்னை உங்கள் பிரசை என்று எழுதித்தாருங்கள் என்று கேட்டேன். ஒரு ஓடையைக் கடப்பதற்கு நான் கொடுத்த விலை அது. இந்த வைகாசியில் அந்தப் பாலத்தைக் கடந்தபோது மகிழ்ச்சி இருந்தது. அதைவிடக் கூடுதலாக வெட்கம் இருந்தது.

அன்மாஸ் நிலையத்தில் பிரமாதமாக ஒன்றுமில்லை. பழைய நிலையத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். சைக்கிள் விடுவதற்கு இடம், பஸ் நிற்கும் முற்றம், தண்டவாளங்களுக்குக் கீழால் ஒரு நடைபாதை. என்னைக் கவர்ந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. சுவிசின் புகையிரதக் கம்பியில் ஓடுவது 15,000 வோல்ற், 16.7 ஹேர்ட்ஸ் மின்சாரம். பிரான்சின் இந்தப் பகுதியில் ஓடுவது 25,000 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஒன்றுக்குப் பழகிய இயந்திரம் மற்றதில் ஓடாது. ஆகவே இரண்டையும் ஏற்கும் புகையிரதங்களைச் செய்தார்கள். மாற்றம் அன்மாசில் நடக்கிறது. பயணி அதை உணர்வதேயில்லை. இரண்டு அரசுகளின் மின்சாரத்தையும் சமிக்ஞைகளையும் ரிக்கெற்றுகளையும் பொருத்தப் பொறியியலாளர்கள் வருடக்கணக்கில் மினக்கெட்டிருக்கிறார்கள். மனம் இருந்தால் முடியாதது எதுவுமில்லை என்பதற்கு அன்மாஸ் நிலையம் சாட்சி. அதனாலேயே அதை விமர்சிக்கவும் வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் இந்த மினக்கேடு யாருக்காக? ஜெனீவாவில் வேலை செய்து பிரான்சில் உறங்கும் ஒரு லட்சம் அளவிலான எல்லைத் தொழிலாளருக்காக. அவர்களது அட்டை 'ஜி'. நான் அவர்களுக்கு எதிரானவனல்ல. எனக்குப் பக்கத்து மேசையில் நிற்கும் பெண் பிரான்சின் அம்பிலியிலிருந்து வருகிறார், அறுபதை நெருங்கும் வயது. முன்பு காரில் நெரிசலுக்குள் மணித்தியாலக் கணக்காகக் கிடந்தவர், இப்போது புகையிரதத்தில் கண்ணயர்ந்து வருகிறார். அந்த நித்திரை ஒரு நல்ல காரியம். அதே மேசையில் 'எப்' அட்டையுடன் ஒரு வவுனியாப் பொடியனும் நிற்கிறான். லியோனில் தமக்கையின் மகளுக்குச் சாமத்தியவீடு. அவனால் போக முடியவில்லை. மூவரும் ஒரே பெட்டியைத்தான் ஒட்டுகிறோம். அட்டைகள் மூன்று. எல்லை அழிக்கப்படவில்லை. உழைப்புக்கு வழிவிடும் இடத்தில் ஓட்டை விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எமக்கு இது புதிய கதையுமல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் மதராசில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி புகையிரதம் பிடித்துக் கொழும்பு போகலாம். போட் மெயில். ஒரே ரிக்கெற். எமது பாட்டன்மார் அதைப் பற்றிச் சொல்லும்போது கடல் ஒரு வாய்க்காலாகிவிடும். ஆனால் அதே பாதையில் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளி மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, தொற்றுத்தடுப்பென்று அடைத்து வைக்கப்பட்டுத்தான் கப்பல் ஏறினான். பல பத்தாண்டுகள் கழித்து அதே மண்டபத்தில் எமது அகதிகள் வந்திறங்கினார்கள். எல்லை கடக்கும் புகையிரத நிலையம் எப்போதும் இரண்டு வேலை செய்கிறது. ஆளைக் கடத்துகிறது, ஆளைத் தரம் பிரிக்கிறது. முதலாவதைப் பற்றித்தான் திறப்புவிழாக்களில் பேசுவார்கள்.

அன்மாசின் கதையை 1912இலிருந்து 2019க்குத் தாண்டிச் சொல்வதிலும் இதே பிரச்சினை இருக்கிறது. நடுவில் 1942 இருக்கிறது, 1944 இருக்கிறது. நாசிகளிடமிருந்து தப்பிய யூதர்கள் இந்தப் பகுதியின் ஓடைகளையும் முள்ளுக்கம்பிகளையும் கடந்து ஜெனீவாவுக்குள் வர முயன்றார்கள். 1942 ஆவணியில் சுவிஸ் எல்லையை இறுக்கி மூடியது. அன்மாசுக்குப் பக்கத்து வில்-லா-கிறானில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை. அதன் தோட்டத்து மதில்தான் எல்லை. றேமோன் பொக்கார் என்ற சகோதரர் மேல்மாடி யன்னலில் நின்று காவலாளிகள் கடந்துபோனதும் சைகை காட்டுவார், ஆட்கள் மதில் ஏறிக் குதிப்பார்கள். அங்கு படிப்பித்த பாதிரியார் லூயி பாவ்ர் கைதாகி 1944 ஆடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் மே 31இல் முப்பதுக்குக் கிட்டிய பிள்ளைகளுடன் எல்லைக்கு அருகில் பிடிபட்டவர் மரியான் கோன். அன்மாசில் சிறையாக்கப்பட்டிருந்த ஒரு ஹோட்டலில் அடைத்து வைத்தார்கள். அவரைத் தப்புவிக்க வழி இருந்தும், தான் போனால் பிள்ளைகளைப் பழிவாங்குவார்கள் என்று மறுத்தார். ஆடி மாதத்தில் கொல்லப்பட்டபோது வயது 21. பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். நகரபிதா ஜோன் டெபோவின் பங்கு அதில் பெரியது.

எல்லைக்குக் கீழால் சுரங்கம் தோண்டும்போது இந்த நினைவும் சேர்ந்து கீழே போய்விடக் கூடாது. மதில் ஏறிக் குதித்தவரை அன்று சட்டவிரோதமாக நுழைந்தவர் என்றார்கள். அதே சொல் இன்றும் எமது கோவைகளில் இருக்கிறது.

திரும்பும்போது மழை பிடித்ததால் சைக்கிளைப் புகையிரதத்தில் ஏற்றினேன். பெட்டி நிறைய ஆட்கள். சீருடை அணிந்த இருவர் வந்தார்கள். இரண்டு பேரிடம் மட்டும் அட்டை கேட்டார்கள்: என்னிடமும், யன்னலோரம் இருந்த ஆபிரிக்க இளைஞனிடமும். மரியாதையாகத்தான் கேட்டார்கள். மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். ஏனையோர் அதைப் பார்க்காதது போல் வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பருக்கு அன்று சொல்ல முடியாத பதில் அதுதான். எல்லை அந்தப் பெட்டிக்குள் இரண்டு இருக்கைகளில் இருந்தது.

இத்துடன் முடித்தால் கட்டுரை எமக்கு வசதியாக இருக்கும். ஆனால் இந்தப் பாதையில் இரு நாடுகளுக்கும் பொதுவாகச் செல்லும் ரிக்கெற்றின் பெயர் 'லெமான் பாஸ்'. பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஜெனீவா ஞாபகம் வருவதில்லை. 1993இல் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போவதற்கு எமது 'விடுதலை' நிர்வாகத்திடம் பாஸ் எடுத்தேன். நான் திரும்பி வருவதற்கு எனது சித்தப்பா பொறுப்பு நின்றார். ஒருவன் நடமாடுவதற்கு இன்னொருவன் பிணை. 2008இல் அதே யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற இராணுவத்திடம் அனுமதி எடுத்தேன். இரண்டு தரப்பின் முத்திரையும் என்மேல் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் முன்னால், 1990 ஒக்ரோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்களுக்குப் போக மட்டும் பாஸ் தேவைப்படவில்லை. நான் அப்போது கம்பஸ் மாணவன். கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். புவியியல்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஐரோப்பாவின் எல்லையை விமர்சிக்கும் உரிமை எமக்கு உண்டு, கடமையும் உண்டு. ஆனால் அப்பாவிகளாக நின்று விமர்சிக்க முடியாது. நாம் கேட்ட நாடு கிடைத்திருந்தால், அதன் எல்லையில் எப்படியான நிலையம் கட்டியிருப்போம்? அதில் யாரிடம் அட்டை கேட்டிருப்போம்? நண்பர் அடுத்த இதழில் எழுதட்டும். அதற்கு முன் ஒருதரம் சைக்கிளில் அந்தப் பாலம்வரை வந்து பார்க்கட்டும். ஞாயிறுகளில் எனக்கு வேலையில்லை, கூட வருகிறேன்.