களையெடுக்கும் கைகளுக்கு என்ன கணக்கு?

முழு இயற்கை வேளாண்மை என்றதும் எல்லோரும் சுட்டிக்காட்டுவது சிக்கிம் மாநிலத்தை. 2003இல் அறிவிப்பு, 2014இல் ரசாயன இடுபொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், 2016 ஜனவரியில் முழு இயற்கை மாநிலம் என்ற பிரகடனம். ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் மாறியது என்கிறார்கள். இந்த வெற்றிக் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி இதுதான்: ஹெக்டேரை எண்ணியவர்கள் அதில் உழைத்த கைகளை எண்ணினார்களா?

சிக்கிமின் மலைச்சரிவு நிலங்களில் பெரும்பாலும் குடும்பமே உழைக்கிறது. எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அப்படியல்ல. இங்கே நிலம் ஒருவருடையது, களையெடுப்பது இன்னொருவர். மல்லாட்டைக் கொல்லையில் விதைத்த இருபதாம் நாள் வாக்கில் ஒரு களை, நாற்பதாம் நாள் வாக்கில் இன்னொன்று. விழுது மண்ணில் இறங்கிவிட்டால் கொத்தக் கூடாது. அந்தக் கெடுவுக்குள் வெயிலில் குனிந்து கொத்தி முடிப்பவர்கள் பெண்கள். அவர்களில் பலர் சொந்த நிலமில்லாத தலித் பெண்கள்.

களைக்கொல்லி வந்தபோது இந்த வேலைதான் பறிபோனது. பத்துப் பெண்கள் செய்ததை ஓர் ஆண் தெளிப்பானை மாட்டிக்கொண்டு முடித்தார். இயற்கை வேளாண்மை வந்தால் வேலை திரும்பும். ஆனால் எந்தக் கூலிக்கு? சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்தும் ‘பொம்பளையாள் கூலி’ இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. சாணமும் கோமியமும் சேர்ப்பது வீட்டு வேலை என்று ஆகிவிட்டால் அதற்குக் கூலியே இல்லை.

ஓராண்டுப் பயிர்களுக்குச் சான்றிதழ் பெற இரண்டாண்டு மாற்றக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் விளைச்சல் குறையலாம், இயற்கை விளைபொருளுக்கான விலையும் கிடைக்காது. நட்டத்தைச் சமாளிக்க முதலில் கை வைக்க எளிதானது கூலியில்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துவோரில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. அப்படியென்றால் சான்றிதழ் யார் பெயரில் வரும்?

ரசாயனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மருந்தடித்த பயிருக்குள் வெறுங்காலோடு இறங்குபவர்களும் இதே பெண்கள்தாம். நஞ்சில்லா மண் முதலில் அவர்களுக்குத் தேவை. தமிழ்நாடு அரசு 2023இல் இயற்கை வேளாண்மைக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அது எங்கள் ஊருக்கு வரும்போது நாம் இரண்டைக் கேட்க வேண்டும்: மாற்றக் கால உதவித்தொகையில் களைக்கூலிக்குத் தனிப் பங்கு; கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் பெண்களின் பெயரிலேயே சான்றிதழ். இவை இல்லாதவரை ‘முழு’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.