பரிவும் பிரதிநிதித்துவமும்: 'எரியும் பனிக்காடு' நாவலைக் குறித்து

தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுந்த நாவல்களுள் டாக்டர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' தனியிடம் பெற்றது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் 2007-இல் தமிழாக்கினார். ஆசிரியர் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். அங்குத் தொழிலாளர் சங்கம் உருவாகவும் உழைத்தவர். இந்நூலைத் துன்பத்தின் ஆவணமாகவே பலரும் வாசித்துள்ளனர். அது தவறன்று, ஆனால் முழுமையுமன்று. தொழிலாளருக்காகப் பேசுபவர் யார், அவருக்கு அவ்வுரிமையை அளித்தவர் யார் என்னும் வினாவே இந்நூலின் உள்ளே நின்று நம்மை உறுத்துகிறது என்பது நம் கருத்து.

கதை 1920-களில் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடைக் கிராமத்தைச் சேர்ந்த கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் இனிய சொற்களையும் அவன் தரும் முன்பணத்தையும் நம்பி ஆனைமலைக்குச் செல்கின்றனர். அங்கே மழையும் அட்டையும் மலேரியாவும் அவர்களை எதிர்கொள்கின்றன. கணக்குத் தீர்க்கும் நாளில் கையில் கூலி மிஞ்சுவதில்லை, கடனே மிஞ்சுகிறது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நிற்பவன் மேஸ்திரி ஒருவனே. அவன் தொழிலாளரின் மொழியைப் பேசுகிறான். அவர்களுடைய ஊரையும் உறவையும் அறிந்திருக்கிறான். ஆயினும் அவனுடைய வருவாய் அவர்களது உழைப்பிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. இனத்தால் நெருங்கியவன் நலத்தால் எதிர்த்தரப்பினனாக இருக்கும் இந்நிலையை ஆசிரியர் தெளிவாகக் காட்டியுள்ளார். நம்மவன் ஒருவன் நடுவில் நின்றால் நமக்குப் பிரதிநிதி உண்டு என்று எண்ணிவிடலாகாது.

அக்காலத்தில் சங்கம் என்பது அறியப்படாத பொருளன்று. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தோன்றிவிட்டது. தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டது. ஆனால் தோட்டத்தின் சாலையும் தனியார் உடைமை, குடியிருப்பும் தனியார் உடைமை என்றிருந்த இடத்தில் அச்சட்டம் மலையேற முடியவில்லை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1958-இல் தோட்டங்களுக்கென ஓர் உடன்படிக்கையை (எண் 110) நிறைவேற்றியது. அதனை இந்நாவலோடு சேர்த்து வாசிப்பது பயனுடையது. ஆள்சேர்ப்பு, கூலி, மகப்பேறு, மருத்துவம், குடியிருப்பு என நாவலில் நாம் காணும் தீமைகள் பலவற்றையும் அது எதிர்கொள்கிறது. அவற்றோடு நில்லாமல் சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப்பேர உரிமையையும் சேர்த்தே கூறுகிறது. நலவசதி ஒருபுறமும் பேசும் உரிமை மறுபுறமுமாகப் பிரிந்து நிற்க முடியாது என்பதே அதன் உட்கருத்து.

இவ்வொளியில் டாக்டர் ஆபிரகாம் என்னும் பாத்திரத்தை நோக்குவோம். அவருடைய பரிவு மெய்யானது. அவர் வந்தபின் சாவு தன் வழக்கமான பாதையில் தடையின்றிச் செல்ல முடிவதில்லை. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலாது. தொழிலாளர் தாமே கூடித் தம் குறைகளை ஆராய்ந்து, தம்முள் ஒருவரைத் தெரிந்தெடுத்து அனுப்பும் காட்சிக்குக் கதை நம்மைக் கொண்டு சேர்ப்பதில்லை. நல்ல மருத்துவர் மாற்றலாகிச் சென்றால் நன்மையும் அவரோடு சென்றுவிடுமே! சங்கம் கட்டிய ஆசிரியர் இதனை அறியாதவரல்லர். சங்கத்திற்கு முந்திய இருளை எழுதுவதே அவர் நோக்கமாயிருந்தது எனலாம். இந்நாவலைத் தழுவி 2013-இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படம் மருத்துவரை மதம் பரப்புபவராக மாற்றியது. அது மூலநூலுக்குச் செய்த அநீதியே. ஆனால் அதைக் கண்டு வருந்துவதோடு நாம் அமைந்துவிடலாகாது. நாவலின் நல்ல மருத்துவரும் நம்மைக் கேள்வி கேட்கிறார்.

சங்கம் இருந்தாலே போதுமா? 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலோர் தமிழர், 20 விழுக்காடு போனசும் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலியும் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். தங்கள் சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று அவர்கள் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். போனஸ் கிடைத்தது, அடுத்த மாதம் முத்தரப்புப் பேச்சில் கூலி 232-லிருந்து 301 ஆயிற்று, 500 கிட்டவில்லை. கொழுந்து பறிப்பவர் பெண்களாகவும் பேசுபவர் ஆண்களாகவும் இருந்த சங்கம், மேஸ்திரியின் இடத்தைத் தானறியாமல் நிரப்பிவிட்டது என்பதே அப்பெண்களின் குற்றச்சாட்டின் சாரம்.

அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரும் கலந்து பேசவேண்டும் என்னும் 144-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1978-இல் ஏற்றது. ஆனால் சங்கம் அமைக்கும் சுதந்திரத்தையும் கூட்டுப்பேரத்தையும் உறுதிசெய்யும் 87, 98 எண்ணுள்ள உடன்படிக்கைகளை (1948, 1949) இன்னும் ஏற்கவில்லை. அரசு ஊழியர் விதிகள் தடையாயுள்ளன என்பது அரசு கூறும் காரணம். மேசையில் மூன்று நாற்காலிகள் போடப்பட்டுள்ளன. மூன்றாவதில் அமர்பவரைத் தடையின்றித் தெரிந்தெடுக்கும் உரிமைக்கு மட்டும் முழு உறுதி இல்லை.

அரசைக் குறைகூறும் நாம் நம் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தொண்டு நிறுவனங்களும் 'தொழில்' என்னும் வரையறைக்குள் வரக்கூடும் என 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 'நாங்கள் ஊழியம் செய்கிறோம், தொழில் நடத்தவில்லை' என்னும் மறுமொழி நமக்குப் பழகியதாயிருந்தது. பரிவுள்ளவரிடம் பணிபுரிவோர்க்குச் சங்கம் எதற்கு என்னும் எண்ணம் அதனுள் மறைந்துள்ளது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் மோசேயின் நல்லெண்ணத்தை நம்பிக் கூடாரத்தில் காத்திருக்கவில்லை; சபையனைத்தின் முன் தாமே வந்து நின்று பேசினர். அவர்கள் கேட்டது நியாயமே என்று தேவன் தீர்ப்பளித்ததாக எண்ணாகமம் கூறுகிறது. 'எரியும் பனிக்காடு' நூலை வாசித்து முடிக்கும் நாம் ஆபிரகாமைப் போன்றோரை மேலும் தாரும் என்று வேண்டுவது எளிது. கருப்பனும் வள்ளியும் நம் அலுவலகத்து வாயிலில் ஒரு கோரிக்கைத் தாளோடு வந்து நின்றால் கதவைத் திறப்போமா என்பதே கடினமான வினா.