‘ஒன்றும் செய்யவில்லை’ என்னும் சொல்

இலக்கிய விமர்சனம் என்றால் காவியத்தையும் நாவலையும் எடுத்துக்கொண்டு குணதோஷம் கூறுவதே என்று நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். பத்திரிகையில் வெளிவந்த ஒரு கடிதமும், அதை ஒட்டி எழுந்த வழக்கில் கூறப்பட்ட தீர்ப்பும் விமர்சனத்துக்கு உரியவையே. அத்தகைய இரண்டு எழுத்துக்களை இன்று நேயர்கள் முன் வைக்கிறேன். முதலாவது, இந்தியப் பத்திரிகையாளர் பிரியா ரமணி 2017ஆம் ஆண்டு அக்டோபரில் ‘வோக்’ சஞ்சிகையின் இந்தியப் பதிப்பில் எழுதிய பகிரங்கக் கடிதம். இரண்டாவது, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ந் தேதி டில்லி நியாயஸ்தலம் அவரை விடுதலை செய்து அளித்த தீர்ப்பு. பத்திரிகைத் தொழிலில் புகும் பெண்ணுக்கு இழைக்கப்படுவனவற்றுள் எது பாலியல் துன்புறுத்தல் ஆகும் என்னும் வினாவுக்கு, இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்போர் விடை காண்பர்.

கடிதம் ஆண் மேலதிகாரி ஒருவரை விளித்துத் தொடங்குகிறது, பெயர் இல்லை. அது கூறும் செய்தி இது: இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவள் படித்துப் போற்றிய பெரிய பத்திராதிபர் ஒருவர், உத்தியோகம் தருவது பற்றிப் பேச அவளை அழைக்கிறார். இடம் காரியாலயம் அன்று. பம்பாய் நகரத்து ஆடம்பர ஓட்டல். அங்கும் கீழ்த்தளத்துக் கூடத்தில் அன்று. அவர் தங்கியிருந்த படுக்கையறையில். மது அருந்துமாறு கேட்கிறார், அவள் மறுக்கிறாள். பழைய ஹிந்திப் பாட்டுக்களைப் பாடுகிறார். படுக்கை இரவுக்கென விரித்து ஆயத்தமாயிருக்கிறது. தம் அருகே வந்து அமரச் சொல்கிறார். அவள் இசையாமல் வெளியேறுகிறாள். உத்தியோகம் கிடைக்கிறது. ஆயினும் இனி இவருடன் ஓர் அறையில் தனித்திருப்பதில்லை என்று அவள் தனக்குள் உறுதி செய்துகொள்கிறாள்.

ஓராண்டு கழிந்தது. 2018 அக்டோபர் 8ந் தேதி, டுவிட்டர் என்று அப்போது பெயர் பெற்றிருந்த வலைத்தளத்தில், அக்கடிதத்தின் தொடக்கம் எம். ஜே. அக்பரைப் பற்றியதே என்று ரமணி எழுதினார். ‘ஏஷியன் ஏஜ்’ முதலிய பத்திரிகைகளை நடத்தியவர் அக்பர்; அப்போது இந்திய அரசாங்கத்தில் வெளிவிவகார இணையமைச்சர். வேறு பல பெண்களும் அவர்மேல் குறை கூறினர். அவர் யாவற்றையும் மறுத்தார். ரமணி கூறும் ஓட்டல் சந்திப்பே நடக்கவில்லை என்றார். ரமணியின்மேல் மானநஷ்டக் குற்ற வழக்குத் தொடுத்துவிட்டு, அக்டோபர் 17ந் தேதி பதவி துறந்தார். குற்றம் தீர்மானமானால் அக்காலச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை. தொல்லைக்கு ஆளானதாகக் கூறிய பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் விந்தையை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

முன்னர் அவர் பெயரை ஏன் குறிப்பிடவில்லை என்பதற்கு ரமணி ஒரு காரணமும் எழுதியிருந்தார். அவர் ஒன்றும் ‘செய்யவில்லை’ என்பதே அக்காரணம். ‘செய்தல்’ என்னும் அந்த ஒரு சொல்லை மட்டும் மேற்கோட்குறிக்குள் வைத்திருந்தார். வழக்கு முழுவதும் இந்தச் சொல்லைச் சுற்றியே சுழன்றது எனலாம். ஒன்றும் செய்யவில்லை என்று நீரே கூறியபின் குற்றம் எங்கே என்பது எதிர்த்தரப்பின் வாதம். அம்மேற்கோட்குறி எள்ளலின் அடையாளம் என்றும், துன்புறுத்தல் உடலைத் தொட்டும் நடக்கும், சொல்லாலும் நடக்கும் என்றும் ரமணி விடையிறுத்தார்.

கையால் நேர்ந்ததை மட்டும் ‘செயல்’ என்று கணக்கிடுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். தொட்டானா? இல்லை. இழுத்தானா? இல்லை. அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஊர் தீர்ப்புக் கூறிவிடும். அக்கடிதத்தில் உள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். இடத்தைத் தேர்ந்தது ஒரு செயல். மது கொடுக்க முன்வந்தது ஒரு செயல். அருகில் அமரச் சொன்னது ஒரு செயல். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பமாகத் தோன்றக்கூடும். ஆனால் இவை அனைத்தையும் ஆட்டிவைப்பது ஒரு பொருள். உத்தியோகம் என்னும் அப்பொருள் ஒருவர் கையில் இருக்கிறது, மற்றவருக்கு அது வேண்டியிருக்கிறது. அந்த அறையில் பேசப்படாத பேச்சு இதுவே. இதை உணர்த்தியதுதான் கடிதத்தின் சிறப்பு.

குறையும் உண்டு. பெயர் சுட்டாமல் விளித்தமையால் ஆயிரம் மேலதிகாரிகளுக்கு அது தைத்தது. ஆனால் தொடக்கம் ஒருவரைப் பற்றியதாயிருக்க, பின்வரும் பகுதி வேறு பல ஆண்களின் குற்றங்களைப் பேசுகிறது. எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே மற்றவர் தொடங்குகின்றனர் என்பதைப் படிப்பவன் பிரித்தறிதல் எளிதன்று. இந்த மயக்கம் பின்னர் வழக்கில் பெரிய சர்ச்சைக்கு இடமாயிற்று. அறச்சீற்றத்தோடு எழுதுவோர் அடையாளங்களையும் தெளிவாக வரைதல் நலம் என்பதற்கு இது ஒரு பாடம்.

தீர்ப்புக்கு வருவோம். பெண்ணின் வாழ்வையும் கண்ணியத்தையும் விலையாகக் கொடுத்து ஓர் ஆணின் நற்பெயரைக் காக்க முடியாது என்பதும், பல்லாண்டு கழிந்தும் தான் விரும்பும் மேடையில் தன் குறையைக் கூறப் பெண்ணுக்கு உரிமையுண்டு என்பதும் அதன் சாரம். இத்தகைய கொடுமை பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நிகழ்வது. பட்டவளே அது இன்னதென்று உடனே அறியாள். பழி தன்மேலதே என்று கருதி வாய் மூடியிருப்பாள். இவற்றையும் நீதிபதி எண்ணிப் பார்த்தார். அக்பர் மேல்முறையீடு செய்தார் என்பதையும் இங்கே கூறிவிடுதல் நேர்மை.

ஆனால் அதே தீர்ப்பு, பெண்மைக்கு மதிப்பளிக்கும் கருத்தை வைத்து இராமாயணமும் மகாபாரதமும் இயற்றப்பட்ட நாட்டில் இக்கொடுமைகள் நடப்பது வெட்கம் என்று இதிகாசங்களைத் துணைக்கு அழைக்கிறது. நாம் இதை ஏற்பதற்கில்லை. அரசவையில் துகில் உரியப்பட்டவள் ஒரு காவியத்தின் தலைவி. தீயில் இறங்கித் தன் கற்பை மெய்ப்பிக்க நேர்ந்தவள் மற்றதன் தலைவி. பெண் பேசினாலும், அவளை நம்புவதற்கு நெருப்பைக் கேட்ட கதைகளைச் சாட்சிக்கு அழைப்பது பொருத்தமா? ரமணிக்கு நீதி தந்தது பழம்பெருமை அன்று, சட்டமும் சாட்சியுமே.

அச்சட்டம் பிறந்த வரலாறு ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. ராஜஸ்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்னும் ஏழை ஊழியை 1992இல் கும்பல் வன்கொடுமைக்கு ஆளானதாக முறையிட்டாள். அதன் விளைவாக எழுந்த ‘விசாகா’ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் விதிகள் வகுத்தது; 2013இல் அவை சட்டமாயின. உடலைத் தொடுதல், பாலுறவுக்கு இணங்குமாறு கேட்டல், ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், பெண் விரும்பாத வேறெந்தப் பாலியல் நடத்தையும் என ஐந்தாக அது வகுக்கிறது. அந்நடத்தையோடு வேலை தருவேன் என்ற குறிப்போ, பறிப்பேன் என்ற அச்சமோ கலந்திருப்பதும் துன்புறுத்தலே. வேலையில் அமர்ந்தவள், அமராதவள் என்ற பேதம் அதில் இல்லை. ரமணி கூறும் சந்திப்பு 1993இல். அன்று முறையிட இத்தகைய விதியும் இல்லை, குழுவும் இல்லை.

இங்கே சிலர் கேட்பர்: ‘சிரித்தாலும் குற்றமா? புகழ்ந்தாலும் குற்றமா?’ நியாயமான கேள்வி, விடையும் எளிது. ஆசிரியர் கட்டுரையைக் கிழித்தெறிந்து திட்டினால் அது கடுமை. பாலியல் துன்புறுத்தல் அன்று. சம நிலையில் உள்ள இருவர் மனமொத்துப் பழகினால் அது அவர்கள் சொந்த விஷயம். ஐயம் தோன்றும் இடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘வேண்டாம் என்று அவள் சொன்னால் எதை இழப்பாள்?’ ஒன்றையும் இழக்கமாட்டாள் என்றால் அவள் சுதந்திரமாகப் பேசுகிறாள். சம்பளத்தையோ, அச்சில் வரவேண்டிய தன் பெயரையோ, ஒலிபெருக்கி முன் நிற்கும் வாய்ப்பையோ இழப்பாள் என்றால், அவளது மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளுதல் அறியாமை. அறிந்தே கொள்ளுதல் அயோக்கியத்தனம்.

இந்தக் கேள்வி பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சித் தொழில்களில் ஏன் கூர்மையாகிறது? வேலை இரவிலும் நடக்கும். வெளியூர்ப் பயணம் உண்டு. வாய்ப்பு வழங்குவது வாய்ச்சொல்லால். எழுத்தில் ஒன்றும் இராது. பகுதிநேர நிருபர்களும் பயிற்சிக்கு வந்த மாணவிகளும் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். 2019இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, வேலை தேடுவோரையும் பயிற்சி பெறுவோரையும் உட்கொண்டு, பயணத்தையும் தங்குமிடத்தையும் வேலைத்தலத்தோடு சேர்த்தது இதனாலேயே. ஓட்டல் அறையும் காரியாலயமே என்பது இன்று உலகம் ஒப்பிய கருத்து.

பத்திரிகைகள் தம் மொழியையும் திருத்த வேண்டும். ‘சில்மிஷம்’ என்று தலைப்பிட்டால் குழந்தையின் குறும்பு போல் தொனிக்கிறது. ‘சேட்டை’ என்றால் குரங்கின் விளையாட்டாகிறது. தமிழ்நாட்டில் 1998இல் பிறந்த சட்டமும் முதலில் ‘ஈவ் டீசிங்’ என்னும் கேலிப் பெயரைத் தாங்கியிருந்தது. பின்னர்ப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் எனப் பெயர் மாறியது. சட்டமே சொல்லைத் திருத்திக்கொண்ட பின்னும் பத்திரிகைகள் பழைய சொல்லைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

டில்லி வழக்கு நமக்கு எட்டாதது என்று தோட்டத்து நேயர்கள் கருத வேண்டாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளை நினைவுகூருங்கள். கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடை மூடுதல் இருந்தது. துரைமாரும் உத்தியோகஸ்தரும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றிருந்தது. அதே பட்டியலில், அவர்கள் நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. படைகள் வந்தன, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சைக்கிளையும் பெண்ணின் மானத்தையும் ஏன் ஒரே பட்டியலில் வைத்தனர்? இரண்டும் ஒரே நோயின் குறிகள் என்பதைப் பால்மரம் சீவிய அம்மக்கள் உணர்ந்திருந்தனர். நல்ல நிரை கொடுப்பதும் கெட்ட நிரை கொடுப்பதும் ஒருவன் கையில் இருக்கும்போது, அவன் சிரிப்புக்கும் ஓர் எடை உண்டு என்று எந்த நூலும் படியாமல் அறிந்திருந்தனர். டில்லித் தீர்ப்பு 2021இல் கூறியதன் வேர் அவர்கள் கோரிக்கையில் இருக்கிறது.

மலேசியாவில் 2022ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம், சொல், சைகை, காட்சி, தொடுகை எவ்வடிவிலும் வரும் விரும்பத்தகாத பாலியல் நடத்தையைத் துன்புறுத்தல் என்கிறது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்க அதிகாரம் பெற்றது. ஆதலின் சட்டம் இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. தோட்டத்துக் கொடுமையைக் கண்டித்து எழுதும் நம் பத்திரிகைகள் தம் காரியாலயத்துக் கதவையும் திறந்து பார்க்கட்டும். அங்கே ஒரு பெண் முறையிட வந்தால், ‘என்ன செய்தான்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு அவளை அனுப்பாதிருக்கட்டும். ‘உன்னிடம் இருந்த எதை அவன் தன் பிடிக்குள் வைத்திருந்தான்?’ என்றும் கேட்கட்டும். அக்கேள்வியைக் கேட்கத் துணிந்த பத்திரிகையே சீர்திருத்தம் என்னும் சொல்லைத் தன் முகப்பில் அச்சிடத் தகுதியுடையது.