கிராஸா, முழு ஷாஃப்டா? மினி டிராக்டர் பி.டி.ஓ. ஷாஃப்டைப் பிரித்துப் பார்த்தோம்

தென்னந்தோப்பு உழும் மினி டிராக்டருக்கும் பின்னால் சுழலும் ரொட்டவேட்டருக்கும் நடுவே சுழற்சியைக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்டை, அது சத்தம் போடும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வண்டியில் முதலில் 'டக் டக்' என்று தட்டல் கேட்டது. பிறகு ரொட்டவேட்டரைத் தூக்கும்போதெல்லாம் அதிர்வு சீட்டுக்கே வந்தது. முழு ஷாஃப்டையும் மாற்றிவிடச் சொன்னார் கடைக்காரர். அது சில ஆயிரம் ரூபாய். அதன் முனை மூட்டில் இருக்கும் சிலுவை வடிவ கிராஸ் செட் சில நூறுதான். கழற்றிப் பார்த்தே முடிவு செய்வோம் என்று இறங்கினேன்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஷாஃப்டைக் கையால் பிடித்து இரு பக்கமும் திருகினால் ஆட்டம் எங்கே என்று தெரிந்துவிடும். ரொட்டவேட்டர் பக்கத்துக் கிராஸில்தான் கோளாறு. சர்க்ளிப்புகளை எடுத்து, கிராஸைப் பிடித்திருக்கும் யோக்கை வைஸில் தாங்கி, பேரிங் கப்புகளைத் தட்டி வெளியேற்றினேன். ஒரு கப்புக்குள் கிரீஸே இல்லை. ஊசி பேரிங்குகள் துருப்பொடியாகியிருந்தன. கிராஸின் கையில் ஊசி ஊசியாக வரிப்பள்ளம். ஆனால் யோக்கின் துளை வட்டம் கெடவில்லை, குழாயும் முறுகவில்லை. இந்த நிலையில் முழு ஷாஃப்ட் வாங்குவது வீண் செலவு.

பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோய், கப்பின் விட்டத்தையும் முனைக்கு முனை நீளத்தையும் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். ஹெச்.பி.யைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் வேறு அளவுதான் கிடைக்கும். பூட்டும்போது ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் விழுந்தாலும் சர்க்ளிப் காடியில் உட்காராது. அப்போது சுத்தியலை ஓங்காமல் கப்பை மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். துளை தேய்ந்த யோக்கில் கப்பை 'ரெண்டு பொட்டு வெல்டிங்' வைத்து நிறுத்துவது பட்டறை வழக்கம். வெல்டிங் சூட்டில் பேரிங்கும் சீலும் கெடும், அடுத்த முறை கழற்றவும் முடியாது. அப்படிப்பட்ட யோக்கை மாற்றத்தான் வேண்டும்.

இந்த வேலையில் அதிகம் தவறுவது, இரண்டு பாதிகளையும் திரும்பச் செருகும்போதுதான். ஷாஃப்ட் 30 டிகிரி மடங்கியிருந்தால், ஒரு கிராஸைத் தாண்டிய 540 ஆர்.பி.எம். சுழற்சி சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 470-க்கும் 620-க்கும் இடையே இருமுறை ஏறி இறங்கும். இதை இரண்டாவது கிராஸ் சரிக்கட்டிவிடும். அதற்கு இரு முனைக் கோணமும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும், நடுக் குழாய்களின் இரண்டு யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். முக்கோணக் குழாயை மூன்று விதமாகச் செருகலாம். அதில் ஒன்றுதான் சரி. பிரிக்கும் முன்பே பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. கோடு சேர்த்து மாட்டிய பிறகு எங்கள் வண்டியில் தட்டல் நின்றது, சீட்டுக்கு வந்த அதிர்வும் போனது. வரப்போரம் திரும்பக் கருவியை உயரத் தூக்கும்போது கோணம் கூடிவிடும் என்பதால், அப்போது பி.டி.ஓ.வை நிறுத்துவது மட்டும் நம் கையில்தான்.

புது ஷாஃப்டே வாங்க நேர்ந்தால், நீளத்தைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். கருவி ஏறி இறங்கும்போது மிகக் குறுகிய நிலையிலும் குழாய்க்குள் ஓர் அங்குலம் இடைவெளி மிஞ்ச வேண்டும். நீண்ட நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். கூடுதல் நீளத்தை இரு குழாயிலும் சமமாக அறுத்து, பிசிறை அரத்தால் நீக்குங்கள். நீளமான ஷாஃப்டை அப்படியே மாட்டினால் அது முட்டுவது கியர் பாக்ஸ் பேரிங்கில். அதிகச் சுமை வந்தால் தானே உடைந்து மற்றதைக் காக்கும் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று கெட்டி போல்ட் போட்டாலும், அடுத்த தென்னை வேரில் அடி வாங்குவது அதே கியர் பாக்ஸ்தான்.

யோக்கும் குழாயும் நன்றாக இருந்தால் கிராஸ் மட்டும் மாற்றுங்கள். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். வினாடிக்கு ஒன்பது சுற்று சுற்றும் ஷாஃப்டில் வேட்டி நுனி சிக்கினால் கையை எடுக்கவும் நேரம் இருக்காது. உடைந்த பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றி வீசியவர்கள், புதுக் கவசம் வாங்கி மாட்டாமல் வண்டியை வயலில் இறக்காதீர்கள்.